பாரைத் தலை வைத்த அறுக்குளா

கற்பிட்டிக் கடலில் இதுவரை யாரும் காணாத ஒரு மீன் பிடிபட்டிருக்கிறது என்ற செய்தி, 2013 தை மாதக் கடைசியில் புத்தளம் பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. உடம்பு அறுக்குளாவாம், தலை பாரையாம். கைத்தொலைபேசியில் படமும் இருந்தது. வாழையிலையில் நீட்டி நிமிர்ந்து படுத்து, வாயில் ஒரு தேசிக்காயைக் கவ்விக்கொண்டு, அந்த மீன் பார்ப்பவரை முறைத்தது. எல்லாம் யுத்தத்தில் கடலுக்குள் விழுந்த குண்டுகளின் வேலை என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் விளக்கம் சொன்னார். அதே செய்தி சிலாபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மீனுக்கு ஒரு சோடிக் கால் முளைத்துவிட்டது. கற்பிட்டியில் கதை வேறு மாதிரி ஓடியது. அந்த மீனுக்காகப் பஸ்தியான், ஜெமீல் என்ற இரண்டு மீன்பிடிகாரர்கள் கத்தி எடுத்துக்கொண்டார்களாம், பொலிஸ் வந்துதான் விலக்கியதாம்.

கால் விஷயத்தைச் சரிபார்க்க எங்கேயும் போகத் தேவையில்லை. படத்தில் கால் இல்லை. மற்றதைச் சரிபார்க்கத் தலவிலவுக்கு வடக்கே, பெயரை எழுதினால் வீண் வம்பு வரக்கூடிய ஒரு சின்னக் கரைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே விசாரித்ததில் தெரிந்தது: பொலிஸ் வந்தது உண்மை. கோவில் திருநாள் பாதுகாப்புக்கு வந்த இரண்டு பேர், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கத்தி எடுத்ததும் உண்மை. ஆனால் எடுத்தவர் பஸ்தியானும் இல்லை, ஜெமீலும் இல்லை.

பஸ்தியானுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. யுத்த காலத்தில் கடலுக்குப் போகும் அனுமதி அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்த ஆள். அட்டை ஒழிந்து நாலு வருடமாகியும், போட்டைத் தண்ணீரில் இறக்குமுன் ஒருதரம் நெஞ்சைத் தடவிப் பார்ப்பார். மீன் சாப்பிட மாட்டார். பாணும் பருப்பும் இருந்தால் போதும். ஏன் என்று கேட்டால், "அதுகளோட எனக்குத் தொழில் மட்டுந்தான். பழக்கம் வச்சிக்கிறதில்ல" என்பார்.

அவர் வலைக்காரர் அல்ல, கயிற்றுக்காரர். ஓடும் போட்டின் பின்னால் மூன்று கயிறு விட்டு, அறுக்குளாவையும் சூரையையும் துரத்த வைத்துப் பிடிப்பது அவர் வேலை. இரண்டு கயிறு பக்கத்து மூங்கில்களில். மூன்றாவது, என்ஜினைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அவருடைய இடது கால் பெருவிரலில் ஒரு சுற்று. முடிச்சுப் போட மாட்டார்; போட்டிருந்தால் விரல் எப்போதோ கடலுக்குப் போயிருக்கும். நகம் போய்விட்டது. கடலில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணைவிட அந்த நகமில்லாத விரல் அவருக்கு முன்னதாகச் சொல்லும்.

அந்த வருடம் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. அவர் போட் இழுத்து வைக்கும் இடமும், பக்கத்தில் கயிறும் என்ஜினும் வைக்கும் ஓலை வாடியும் கோவில் காணி. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரத் தொடங்கியதும், அந்தக் காணியில் வாகனம் நிறுத்த ஒரு ஹோட்டல்காரர் ஆசைப்பட்டார். கொடுப்பதா விடுவதா என்று செபஸ்தியார் திருநாளன்று மாலை கோவில் சபை கூடி முடிவெடுக்க இருந்தது. இடம் போனால் அடுத்த இடம் ஒன்றரை மைல் தள்ளி, அதுவும் கல் நிறைந்த கரை. பைபர் போட்டை அங்கே இழுத்தால் ஒரு மாதத்தில் அடி கிழிந்துவிடும்.

சபைத் தலைவர் இன்னாசிப்பிள்ளை திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது பஸ்தியானைக் கூப்பிட்டார்.

"கொழும்பில இருந்து பெரிய சாமி பூசை வைக்க வாறார். பகல் சாப்பாட்டு மேசைக்கு ஒரு முழு அறுக்குளா வேணும். பத்துக் கிலோவுக்குக் குறையக் கூடாது."

"பாப்பம் தலைவர்."

"பாக்கிறதில்ல, கொண்டாறது. தலையோட வேணும், விளங்கிச்சா? மேசையில மீன் முழுசா இருந்தா, பின்னேரம் கூட்டத்தில நான் உனக்காகக் கதைக்கிறன். இல்லாட்டி நான் என்னத்த எண்டு கதைக்கிறது, நீயே சொல்லு."

அந்தக் கரையில் பெரிய விருந்தென்றால் மீனைத் துண்டு துண்டாக வெட்டிப் பொரித்து, பெரிய தட்டத்தில் பழையபடி தலையிலிருந்து வால் வரை அடுக்கிவைப்பது வழக்கம். தூரத்தில் நின்று பார்த்தால் வெட்டாத மீன். இந்த வேலையில் பஸ்தியானின் மனைவி யூஜீனியாவுக்கு நிகர் கிடையாது. தலையைத் தனியே ஆவியில் வேகவைத்து, கழுத்தின் வெட்டைக் கறிவேப்பிலையால் மூடி, வாயில் தேசிக்காய் வைப்பார். தலையில்லாமல் அடுக்கினால் அது வெறும் பொரித்த மீன்.

ஆறு நாள் ஓடியும் அறுக்குளா படவில்லை. ஏழாம் நாள் திருநாள். விடியமுன் போனவர்களுக்கு எட்டு மணியாகியும் மூன்று கயிறும் செத்துக் கிடந்தன. கூடப் போனவன் யூஜீனியாவின் தம்பி ஜெயந்தன். முப்பத்துமூன்று வயது, கயிற்றைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஃபோனைப் பார்ப்பவன்.

"சிக்னல் இருக்கு அத்தான், மீன்தான் இல்ல."

"அப்ப பெரிய சாமிக்குச் சிக்னலைப் பொரிச்சு வைப்பம்."

எட்டேகாலுக்கு விரல் சொன்னது. ஒரு வெட்டு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு விரலை அறுத்துக்கொண்டு கயிறு ஓடியது. பஸ்தியான் காலை உதறினார். கயிறு ஜெயந்தனின் கைக்குப் போனது. ஃபோன் போட்டின் அடித்தண்ணீருக்குள் போனது.

"இழுக்காத! விடு, விடு, அது போகட்டும்!"

"கை கிழியுது அத்தான்!"

"கை வளரும். விடு. இப்ப எடு. மெல்ல. மெல்ல எண்டன்!"

மீன் ஒருதரம் அடிக்கு இறங்கியது. கயிறு என்ஜின் பக்கம் வளைந்தது. அடியில் சுழலும் காற்றாடியில் ஒருதரம் பட்டால் கதை முடிந்துவிடும். பஸ்தியான் போட்டை மறுபக்கம் திருப்பினார். அவருடைய வாய்க்குள் மாதாவின் பெயரும் ஒரு கெட்ட வார்த்தையும் மாறிமாறி வந்தன. கால் மணி நேரம் கழித்து நீலத்துக்குள் ஒரு வெள்ளி மினுக்கம் தெரிந்தது. கொக்கித் தடியை விட்டு ஒரே இழுப்பு. பதினொரு கிலோ இருக்கும். போட்டின் அடியில் விழுந்து, வாலால் பலகையை அறைந்தது.

ஜெயந்தன் சிரித்தபடி குனிந்தவன் அப்படியே நின்றான். "இது என்னத்தான்? நம்மட கயிறு வெள்ளையெல்லோ?"

மீனின் வாயிலிருந்து இரண்டு கயிறு வந்தன. ஒன்று பஸ்தியானுடையது. மற்றது பச்சை நைலோன் தங்கூசி, அறுந்து, விரித்த கையளவில் முப்பது பாகமாவது பின்னால் தண்ணீரில் இழுபட்டது. கீழ்த்தாடை ஓரத்தில் இன்னொரு தூண்டில். அதில் பால்மா பைக்கட்டின் உள்பக்க வெள்ளித்தாளைக் கீலம் கீலமாக நறுக்கிச் சிவப்பு நூலால் கட்டிய பொய்யிரை. அந்தப் பகுதிக் கடலில் அப்படிக் கட்டுகிறவர் ஒருவர்தான். ஜெமீல்.

ஜெமீல் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் குடும்பத்தோடு வந்து, கரைத்தீவில் குடியேறி, கற்பிட்டியில் போட் வைத்திருப்பவர். அவருக்கும் பஸ்தியானுக்கும் இருபது வருடப் பழக்கம். என்ஜின் நின்றபோது யார் யாரை எத்தனை தரம் கட்டியிழுத்தார் என்ற கணக்கு இருவருக்குமே மறந்துவிட்டது.

கயிற்றுக்காரர்களிடையே ஒரு சட்டம் உண்டு. எந்தச் சபையும் எழுதிவைத்ததல்ல, ஆனால் யாரும் மீறுவதில்லை. வாயில் இன்னொருவன் தூண்டிலோடு மீன் பட்டால், உடம்பு, பிடித்தவனுக்கு; தூண்டிலோடு சேர்த்துத் தலை, முதல் தூண்டில்காரனுக்கு. மற்ற நாளாக இருந்தால் பஸ்தியான் சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்திருப்பார். அவர்தான் மீனே சாப்பிடுவதில்லையே.

"கழட்டிக் கடல்ல போடுங்க அத்தான். ஆருக்குத் தெரியும்?"

பஸ்தியான் தூண்டிலைக் கழற்றினார். எறியக் கை ஓங்கினார். எறியவில்லை, சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டார். பச்சைக் கயிற்றை ஜெயந்தன் சுருட்டி முடிக்கவும், மேற்கே ஒரு போட் திரும்பி அவர்களை நோக்கி வரவும் சரியாக இருந்தது.

"சாக்கைப் போடு. மீனை மூடு."

கயிற்றுச் சுருளுக்கு இடம் இருக்கவில்லை. பஸ்தியான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஜெமீல் என்ஜினைக் குறைத்துப் பக்கத்தில் வந்தார். "என்ன மச்சான், பட்டுதா?"

பஸ்தியான் உதட்டைப் பிதுக்கினார். "இல்ல."

"எனக்கொண்டு பட்டுது. பத்துப் பன்னெண்டு கிலோ வரும், வல்லாஹி. அறுத்துக்கொண்டு போயிட்டுது. முப்பது பாகம் கயிறோட." ஜெமீல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்தப் பக்கந்தான் வந்தது. கண்டியா?"

சாக்குக்குள் மீன் ஒருதரம் துடித்தது. ஜெயந்தன் சட்டென்று அதன்மேல் காலை வைத்து, உடம்பெல்லாம் நடுங்க இருமினான்.

"காணேல்ல மச்சான்," என்றார் பஸ்தியான்.

கடலில் மீன் பட்டதா என்று கேட்டால் இல்லை என்பது பொய்யில் சேராது. இடத்தைக் காட்டிக் கொடுக்காமலிருக்க எல்லாரும் சொல்வது அது. முதல் "இல்ல" அந்தக் கணக்கில் போகட்டும். இரண்டாவது போகாது என்பது பஸ்தியானுக்குத் தெரிந்தது. கீழே சுருண்டிருந்த தங்கூசி தொடையைச் சுட்டது போலிருந்தது.

"சரி, உனக்குத் திருநாளெல்லோ. கரைக்குப் போ. நான் இன்னொரு சுத்துச் சுத்திட்டு வாறன்," என்று ஜெமீல் போய்விட்டார்.

ஒன்பதரைக்கு மீன் யூஜீனியாவின் முற்றத்தில் வாழையிலையில் கிடந்தது. கோவிலில் பூசை தொடங்க அரைமணி இருக்கையில், இன்னாசிப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் பறந்துவந்து பார்த்தார். இறங்கக்கூட இல்லை.

"ஆ! இதுதான் மீன். யூஜீனியா, தலை உடையாமப் பாத்துக்க. பன்னெண்டரைக்கு மேசையில இருக்கோணும்." பஸ்தியான் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார். "உன்ட இடத்தை யோசிக்காத."

அவர் போனதும் யூஜீனியா புருஷனைப் பார்த்தார். "இஞ்சருங்க, ஏன் உங்கட முகம் ஒரு மாதிரி? இடம் கிடைச்சுப் போச்செல்லோ?"

பஸ்தியான் மீனில் மொய்த்த ஈயை விரட்டினார். இந்த இடத்தில்தான் ஒரு கயிற்றுக்காரக் குடும்பம் மட்டும் செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது. பச்சைக் கயிற்றை எங்கேயாவது மறைத்துவிடு என்று ஜெயந்தனிடம் சொல்லியிருந்தார். ஆனால் முப்பது பாகம் நல்ல தங்கூசி! அதைப் புதைக்கவோ எரிக்கவோ யாருக்குக் கை வரும்? உப்புத் தண்ணீரோடு சுருட்டிவைத்தால் கெட்டுப்போகும், வெயிலில் போட்டாலும் கெட்டுப்போகும் என்று, ஜெயந்தன் அதை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலாகப் பார்த்து, வாசல் பக்கத்து ஆணியில் அழகாகத் தொங்கவிட்டிருந்தான். பிறகு ஃபோனை அரிசிப் பானைக்குள் காய வைக்கப் போய்விட்டான்.

பத்தரைக்கு ஜெமீல் வந்தார். கையில் நாலு கிலோப் பாரை ஒன்று, செவுளில் ஓலை கோத்து.

"உன்ட பேர்கொண்ட திருநாள் எண்டு வெறுங்கையோட வரலாமா? யூஜீனியா, இந்தா தங்கச்சி, இது உங்கட வீட்டுக்கு."

கொடுத்துவிட்டு நிமிர்ந்தவருடைய கண் ஆணியில் நின்றது. பத்துப் பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் முடிச்சு. அளவுக்காக அவரே போட்டவை. முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு வாழையிலையில் கிடந்த மீனைப் பார்த்தார். கீழ்த்தாடையின் கிழிசலைப் பார்த்தார். கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் கழுவியிருக்கு," என்றார் ஜெமீல்.

பஸ்தியான் சாரத்து மடிப்பிலிருந்து வெள்ளித்தாள் தூண்டிலை எடுத்து நீட்டினார்.

"தலையும் வேணும்," என்றார் ஜெமீல்.

"மச்சான், இண்டைக்கு மட்டும் விடு. தலை இல்லாட்டி என்ட இடம் போயிடும். இன்னாசிப்பிள்ளை…" பஸ்தியான் எல்லாவற்றையும் கொட்டினார். ஹோட்டல், கூட்டம், கல்லுக்கரை எல்லாம்.

ஜெமீல் முழுவதையும் கேட்டார். "கடல்ல என்னட்ட இதைச் சொல்லியிருந்தா, தலையென்ன, கொண்டு போடா எண்டு கயிறையும் சேத்துத் தந்திருப்பன். நான் உன்ட மூஞ்சியைப் பாத்துக் கேட்டன். கயிறுக்கு மேல குந்திக்கொண்டு காணேல்ல எண்டாய். இண்டைக்கு நான் விட்டா, நாளைக்குக் கடல்ல ஆருக்கு ஆர் தலை குடுப்பான்?"

"அப்ப என்ட போட்டை எங்க கொண்டுபோய் வைக்க?"

"அது எனக்குத் தெரியாது. தலை என்டது."

அடுத்த வார்த்தை எந்தத் திசையில் போயிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அப்போதுதான் யூஜீனியா கத்தி எடுத்தார். எடுத்து, குந்தியிருந்து, செவுளுக்குப் பின்னால் வைத்து ஒரே அழுத்து. முள் முறிகிற சத்தம் கேட்டது. தலையைக் கழுவிப் பைக்குள் போட்டு ஜெமீலின் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்க நானா. மீனை இனியும் வெயில்ல வச்சிக்கொண்டு கதைச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் மிஞ்சாது."

பஸ்தியான் தலையில்லாத அறுக்குளாவைப் பார்த்தார். யூஜீனியா பாரையைப் பார்த்தார்.

படலையைத் தாண்டப்போன ஜெமீல், அந்தப் பார்வையைக் கண்டு நின்றார். "அந்தப் பாரை வரக்குள்ள அன்பளிப்பு. இப்ப கடன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டரைக்குத் தட்டம் மேசைக்கு வந்தது. அறுக்குளாவின் மூக்கு ஊசி மாதிரி. பாரையின் நெற்றி சுவர் மாதிரி. உடம்புக்குத் தலை சிறிது. யூஜீனியா கழுத்தைச் சுற்றிக் கறிவேப்பிலையும் வெங்காயமும் வைத்துத் தன்னாலானதைச் செய்திருந்தார்; கலியாணத்துக்கு இரவல் நகை போட்ட பெண்ணைப் போல மீன் கொஞ்சம் கூடுதலாகவே அலங்காரமாக இருந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் மீன்பிடிகாரர்கள். ஒரு நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் தங்கள் தங்கள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார்கள். இன்னாசிப்பிள்ளையின் முகம் வெளுத்துச் சிவந்தது. ஜெயந்தன் மட்டும், அரிசிப் பானைக்குள் உயிர்பிழைத்த ஃபோனால் ஒரு படம் எடுத்தான். புத்தளம் பஸ் நிலையத்துக்கு வந்தது அந்தப் படம்தான்.

பஸ்தியான் தண்ணீர்க் கூசாவோடு கதவடியில் நின்றார். பெரிய சாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவரும் ஏதோ ஒரு கரையில் மீன்பிடிகாரரின் மகனாகப் பிறந்தவர் என்பதை விசாரிக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"உடம்பு அறுக்குளா," என்றார். "தலை ஆருடையது?"

இன்னாசிப்பிள்ளை, "அது சாமி, இந்தப் பக்கத்து அறுக்குளா கொஞ்சம்…" என்று தொடங்கி, எங்கே முடிப்பதென்று தெரியாமல் நிறுத்தினார்.

"தலை வேற ஆளுடைய உரிமை சாமி," என்றார் பஸ்தியான். தன் குரல்தான் அது என்று அவருக்கே நம்ப முடியவில்லை. "மீன்ர வாயில முதல் தூண்டில் அவன்ட. குடுத்திட்டம்."

"குடுத்தது சரி. பிறகு ஏன் இந்த வேஷம்? உடம்பை மட்டும் வச்சிருந்தாலும் நான் சாப்பிட்டிருப்பனே."

பஸ்தியான் கூசாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "தலையோட முழு மீன் வச்சாத்தான் போட் இழுக்கிற இடத்தை எனக்கு விடுறதெண்டு சொன்னவை சாமி."

யார் சொன்னது என்று பெரிய சாமி கேட்கவில்லை. மேசையில் ஒரு மனிதர் மட்டும் விறைத்துப்போய், கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்ததால், கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பெரிய சாமி கழுத்துப் பக்கத்துத் துண்டொன்றை எடுத்துச் சாப்பிட்டார். "நல்லாப் பொரிச்சிருக்கு," என்றார். போகும்வரை மீனைப் பற்றி வேறு பேச்சில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில், இடத்தைப் பஸ்தியானுக்கே விட வேண்டும் என்று முதலில் எழுந்து சொன்னவர் இன்னாசிப்பிள்ளை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இடத்தைப் பறித்திருந்தால் ஒரு மீன் தலைக்காகப் பறித்தார் என்று சிலாபம் வரை சொல்வார்கள். ஆதரித்துப் பேசியவர்கள் நீதியைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். மத்தியானம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆட்கள். ஹோட்டல் வாகனங்கள் இப்போது இன்னாசிப்பிள்ளையின் தென்னந்தோட்டத்தில் நிற்கின்றன. சேவை மனப்பான்மையில் விட்டதாகச் சொல்கிறார்.

பஸ்தியானின் போட் பழைய இடத்திலேயே கிடக்கிறது. பச்சைக் கயிற்றை மறுநாளே கற்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஜெமீலும் அவரும் கதைக்கிறார்கள். முன்பைவிடக் கொஞ்சம் கவனமாக. பாரைதான் மிச்சம். அதன்பிறகு பஸ்தியானின் தூண்டிலில் அறுக்குளா பட்டது, சூரை பட்டது, சீலா பட்டது. பாரை மட்டும் படவில்லை. ஒருதரம் நல்ல அறுக்குளா ஒன்றைக் கொண்டுபோனார். "நான் தந்தது பாரை," என்ற ஜெமீல் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் புத்தளம் சந்தையில் நாலு கிலோப் பாரை ஒன்று வாங்கி, ஓலை கோத்து, கடல் தண்ணீர் தெளித்து எடுத்துப் போனார். ஜெமீல் செவுளை விரித்து, உள்ளே ஒட்டியிருந்த ஐஸ் துண்டை நகத்தால் கிள்ளி எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இது உருகிறதுக்குள்ள வீட்ட போ மச்சான். உன்ட கயிறில வரட்டும், அப்ப வாங்கிறன்."